பாட்டி கேட்ட சங்கிலிச் சத்தம்

மூன்று மாதமாக என் மேசையில் ஒரு ஜப்பானிய டாங்கி பாதி ஒட்டியபடி கிடக்கிறது. ஹா-கோ ரகம், அசலில் 35-இல் ஒரு பங்கு. வேலை நின்றது சங்கிலியில்தான். பக்கத்துக்கு நான்கு பெரிய சக்கரம், மேலே இரண்டு உருளை, பற்சக்கரம் முன்னால். மஞ்சூரியாவில் ஓடிய சில ஹா-கோக்களுக்கு இடையில் குட்டிச் சக்கரமும் உண்டு. அங்குள்ள சோளக் கொல்லைகளின் பாத்தி இடைவெளியில் வண்டி தடுமாறியதால் சேர்த்தது. மலாயாவுக்கு அது பொருந்தாது. 1942-இல் மூவார் அருகே பக்ரியில் ஆஸ்திரேலியர்கள் நொறுக்கிய ஹா-கோக்களின் படத்தை வைத்துச் சரிபார்த்தேன்.

இவ்வளவும் பாட்டிக்காக. பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்தில், ஏழு வயதில், லயத்துக்குப் பின்னால் ‘சங்கிலி வண்டி’ போனதாகச் சொல்வார்.

போன மாதம் அவரையே அழைத்துப் போனேன். முதலில் கோலசிலாங்கூர், புக்கிட் மெலாவாத்தி. குரங்குகளுக்குக் கச்சான் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தோம். 1942 ஜனவரி 2-ஆம் தேதி அந்தப் பக்கம் படகில் வந்த ஜப்பானியரைப் பீரங்கிகள் விரட்டின. பிறகு அவர்கள் தரை வழியாகத் தோட்டங்களுக்குள் இறங்கினார்கள். டாங்கிகள் பெரிதாகப் பேசப்பட்டது ஜனவரி 7-ஆம் தேதி, சிலிம் ரிவரில். அது பெருஞ்சாலை; இங்கிருந்து தூரம்.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். கித்தா மரமெல்லாம் போய்ச் செம்பனை. லயம் இருந்த இடத்தைப் பாட்டி ஒரு வளைவை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

“இங்கதான் சங்கிலி வண்டிய பாத்தீங்களா, பாட்டி?”

“பாக்கல ஐயா. ராத்திரி. அம்மா எங்கள வாயப் பொத்திப் படுக்க வச்சுட்டாங்க. தார்ச் சடக்குல கடகடன்னு சத்தம், விடியுற வரைக்கும்.”

வானொலியில் சத்தத்தை வைத்துப் பிழைக்கும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜப்பானியர்கள் சைக்கிளில் வந்தவர்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே மிதிப்பார்கள். இரவில் அந்தச் சத்தத்தை டாங்கி என்று எண்ணி எதிரிகள் ஓடியதாக, அந்தப் படையில் இருந்த சுஜி என்ற அதிகாரியே எழுதியிருக்கிறார்.

பாட்டியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. “சைக்கிளுக்கா அம்மா அப்படி நடுங்குனாங்க?” என்று மட்டும் கேட்டார்.

டாங்கியை முடித்து அலமாரியில் வைத்துவிட்டேன், சங்கிலி சரியாகவே இருக்கிறது. லயத்துக் காட்சிக்கு இப்போது டயர் இல்லாத சைக்கிள்கள் செய்கிறேன். ரிம்முக்கு மெல்லிய செம்புக் கம்பி.