வெட்டிய சட்டை

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ விமான நிலையத்தில் ஓடுபாதையின் நீளம் 2,443 அடிதான். சதுப்பு நிலத்தை ஒட்டிய அவ்விடத்தில், ஒரு சிறு பள்ளியில் நாங்கள் இருவரும் பறக்கக் கற்றோம். செஸ்னா 172இல் ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னிருக்கையில் அமர்ந்து குறிப்பெடுப்போம். தரை நெருங்கியதும் மூக்கைச் சற்றே உயர்த்தி, சக்கரத்தைத் தொடவிடாமல் பிடித்திருந்தால் விமானம் தானாகவே அமரும் என்பார் பயிற்றுநர். அது கைவர எங்களுக்கு மாதங்களாயின.

அமெரிக்க விதிப்படி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும்; அதில் 10 மணி நேரம் தனியாக. தனியே பறக்க மருத்துவச் சான்று தேவை. எங்களில் ஒருவரின் இதயம் அதற்கு இடம் தரவில்லை. (பயிற்றுநர் உடனிருந்தால் பறக்கலாமாம். அது ஆறுதல்தானா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.)

மற்றவர் தனியே பறந்த காலையில், பயிற்றுநரின் எடை நீங்கிய விமானம் பழகியதைவிட விரைவாக மேலேறியது. மூன்று முறை இறங்கிற்று.

முதல் தனிப்பறப்பை முடித்தவரின் சட்டைப் பின்புறத்தை வெட்டுவது அங்கு வழக்கம். ரேடியோ இல்லாத நாள்களில், பின்னால் அமர்ந்த பயிற்றுநர் சட்டையைப் பிடித்திழுத்துத்தான் மாணவரைக் கூப்பிடுவாராம். இனி அதற்குத் தேவையில்லை என்று பொருள். பயிற்றுநர் கத்தரியை வேலியருகே நின்றவரிடம் நீட்டினார். வெட்டு கோணலாகத்தான் விழுந்தது. தேதி எழுதிய அந்தத் துணி இருவர் வீட்டிலும் மாறி மாறித் தொங்குகிறது.