உப்புக் காற்றும் பழைய வயரும்

நன்னிலத்துக்காரர்களாகிய நமக்கு மின்சார யந்திரம் என்றால் வயலோரத்துப் பம்புசெட். படகு என்றால் திருவாரூர்க் கமலாலயத்துத் தெப்பம். மின்சாரமும் படகும் ஒன்று சேர்ந்தால் என்ன பாடு படும் என்பதை அறிய நாகப்பட்டினத்துக்குத்தான் போக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதுவே அவற்றுக்கு வைத்திய காலமும் ஆகும். வர்ணம் பூசுவதை வேடிக்கை பார்ப்பவர் பலர். நாமோ பலகைக்குப் பின்னால் கிடக்கும் பழைய வயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடலில் மின்சாரத்துக்குப் பரம வைரி உப்பு. செம்புக் கம்பியின் நுனியில் பச்சை பூத்துவிட்டால் மின்சாரம் தயங்கித் தயங்கித்தான் செல்லும், இணைப்புச் சூடேறும், விளக்கு மங்கும். உடனே “பாட்டரி போய்விட்டது” என்று தீர்ப்பளித்துப் புதியது வாங்கக் கிளம்புகிறார்கள். பாவம், பல சமயங்களில் பாட்டரி நிரபராதி! விளக்கு எரியும்போது பாட்டரி முனையில் 12 வோல்ட்டுக்குக் குறையாமலும், விளக்கின் முனையில் மட்டும் குறைந்தும் இருந்தால், திருடன் நடுவழியில் ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம். முனைகளைச் சுரண்டி, இறுக்கி, வாஸ்லைன் தடவினால் போதும். புது வயர் போடுவதாயின், பித்தளைப் பாத்திரத்துக்கு நாம் ஈயம் பூசுகிறோமே, அவ்வாறு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே உத்தமம்.

இன்னொரு விபரீதம் உண்டு. லாரியில் மின்சாரம் திரும்பி வர வண்டியின் இரும்பு உடலே வழி. அந்த வழக்கத்தை இரும்புப் படகிலும் கொண்டு வந்தால், மின்சாரம் கசிந்து, தண்ணீருக்கடியில் உள்ள உலோகத்தைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடும். படகுக்கு வரவும் போகவும் இரண்டு கம்பி வேண்டும்.

இவ்வளவு கவலை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். பாக் நீரிணையில் 1974-ம் வருஷத்து உடன்படிக்கை வகுத்த எல்லைக்குச் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. நடுநிசியில் அதைக் காட்டுவது ஜி.பி.எஸ். திரை ஒன்றுதான். நகக்கண் அளவு பச்சை பூத்த ஒரு முனையினால் அந்தத் திரை அணைந்தால், விடியும்போது படகு அயல்நாட்டு ரோந்துக் கப்பலின் முன் நிற்கக்கூடும். அதே வயரில் வயர்லெஸ்ஸும் இருந்தால் கரைக்குச் சொல்லவும் வழியில்லை.

இஞ்சினைக் கிளப்ப ஒரு பாட்டரி, இவ்விரண்டுக்கும் தனியாக ஒன்று என்று அனுபவசாலிகள் வைத்திருப்பது இதனாலேதான். வர்ணத்துக்குத் தாராளமாகச் செலவு செய்யும் முதலாளிகள், ஜூன் 14 கழியுமுன் அந்த இரண்டாவது பாட்டரிக்கு வடித்த நீர் ஊற்றி, அதன் முனைகளையாவது துடைத்து வைக்கலாம்.