கண்டி நகரின் நடுவே ஒரு காடு

கண்டி தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள குன்றில் ஒரு காடு இருக்கிறது. பெயர் உடவத்தகலே. மன்னர் காலத்தில் அது அரண்மனைத் தோட்டம். பொதுமக்கள் நுழைய முடியாது. 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு ஏறக்குறைய 104 ஹெக்டயர்.

நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே நடந்தேன். சற்று நேரத்தில் பஸ் இரைச்சல் அடங்கிவிட்டது. பெருங்கொடிகள் மரங்களை முறுக்கிக் கிடந்தன. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவின. கீழே எங்கும் காய்ந்த சுள்ளிகள். விறகுக்கு அலைந்து பழகிய என் கண் அவற்றில்தான் முதலில் விழுந்தது. ஆனால் அங்கே எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. உக்கும் மரத்தில் பூச்சிகள் வாழ்கின்றன. அவற்றைத் தின்று பறவைகள் வாழ்கின்றன.

சகோதரிகளே, 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எல்லாக் காடுகளும் ஒரே வகையல்ல. தேசியப் பூங்கா முழுவதும் அரச காணி. அனுமதியோடு சென்று பார்த்து வரலாம், அவ்வளவுதான். சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம். அங்கே குடியிருப்பும் பயிர்ச்செய்கையும் நடக்கும்.

எங்கள் வடக்கிலுள்ள சுண்டிக்குளமும் 1938இலேயே சரணாலயமானது. 2015இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பெயர் மாறும்போது விறகு, மேய்ச்சல், காணி எல்லாவற்றுக்குமான விதியும் மாறுகிறது.

ஆகவே உங்கள் ஊர்க்காடு எந்த வகை, வர்த்தமானியில் அதன் எல்லை எதுவரை என்று கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு வையுங்கள். காட்டையும் காக்கலாம், காணியையும் காக்கலாம்.