வாசல் தொலைந்த வீடு

என் வீட்டுக் கணினிக்கு இரண்டு வாசல்கள். விசையை அழுத்தியதும் கரிய திரையில் நான்கைந்து வரிகள் தோன்றும். மேல்வரியைத் தேர்ந்தால் உபுண்டு. கீழ்வரியைத் தேர்ந்தால் விண்டோஸ். 2013-இல் அக்கணினியை வாங்கியபோது, என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்படி அமைத்துத் தந்தார். "ஒண்ணு மக்கர் பண்ணாலும் இன்னொண்ணு கைகொடுக்கும் ஐயா" என்றார். பதினொரு ஆண்டுகள் கழித்தே அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது.

2024 கோடை விடுமுறையில் ஒருநாள், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது விண்டோஸ் எழவில்லை. நீலத்திரை தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். உபுண்டு வழியாக நுழைந்து பார்த்தேன். விண்டோஸ் வடிவமைத்த பகுதிகளை லினக்ஸ் படிக்கும் என்பதால், என் கோப்புகள் எல்லாம் இருந்த டி பகுதி முழுதாகத் திறந்தது. அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்தேன். சி பகுதியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அதில் இருப்பது விண்டோஸ் மட்டுமே. நான் எழுதியது எதுவும் அங்கில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

விண்டோஸை மறுபடி நிறுவ முனைந்தபோது முதல் திகைப்பு. சி, டி என்ற பெயர்கள் நிறுவு திரையில் இல்லை. பகுதி 1, பகுதி 2 என எண்களே இருந்தன. இரண்டு பகுதிகள் ஒரே அளவு, 150 ஜிபி. ஒன்றை அழிக்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். "காலி இடம் எவ்வளவுன்னு பக்கத்துலயே போட்டிருக்கும் பாருங்கப்பா. அவசரப்படாதீங்க" என்றாள். பார்த்தேன், சரியானதையே அழித்தேன். ஒரு மணி நேரத்தில் புது விண்டோஸ் வந்தது.

ஆனால் உபுண்டுவைக் காணவில்லை. தேர்வுத் திரையே தோன்றாமல் கணினி நேராக விண்டோஸுக்குள் சென்றது. மகள் சொன்ன விளக்கம் இது: என்னுடையதைப் போன்ற பழைய அமைப்பில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில்தான் தொடக்க நிரலின் தலைப்பகுதி இருக்கும். விண்டோஸ் தன்னை நிறுவிக்கொள்கையில் அவ்விடத்தில் தன் நிரலை எழுதிவிடும். முன்பு அங்கே வேறொருவர் குடியிருந்தாரா என்று கேட்பதில்லை. உபுண்டு அழியவில்லை. அதன் பகுதியில் ஒரு கோப்புகூடக் குலையாமல் அப்படியே இருந்தது. வாசல்தான் அடைபட்டிருந்தது. பென்டிரைவிலிருந்து உபுண்டுவை ஓட்டி, மகள் சொல்லச் சொல்ல மூன்று கட்டளைகளை இட்டு, 'கிரப்' என்னும் தொடக்க நிரலை மீண்டும் நிறுவினேன். பழைய கரிய திரை வந்தது. தெரிந்தவரைச் சந்தையில் கண்டாற்போல் இருந்தது.

அன்று மாலை, படியெடுத்தவை சரியாக உள்ளனவா என்று பார்த்தேன். என் எம்.ஃபில். ஆய்வுக் கோப்பு ஒன்றைத் திறந்தால், புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் திரை நிறைய நின்றன.

2001-இல் மன்னார்குடியை அடுத்த எங்கள் ஊரிலும் சுற்றூர்களிலும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் திரட்டினேன். மொத்தம் 112 பாடல்கள். அவற்றுள் 31 என் அம்மா பாடியவை. பெற்ற தாயின் பாடல்களையே நிரப்பிவைத்தால் யார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தில், ஒன்பதை மட்டும் ஆய்வேட்டில் சேர்த்தேன். எஞ்சிய 22-உம் இந்தக் கோப்பில் மட்டுமே உள்ளன. அம்மா 2009-இல் காலமானார்.

கோப்பு கெடவில்லை. ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. 1999-இல் தமிழக அரசும் டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. ஆயினும் அக்காலத்து டிடிபி நிலையங்களில் அவரவர் எழுத்துருவே ஆட்சி செய்தது. நான் பயன்படுத்தியதும் அத்தகைய ஒரு நிலையத்தார் நெகிழ்வட்டில் தந்ததுதான். அந்நிலையம் இன்றில்லை. எழுத்துரு இருந்த இடம், நான் திறந்துபாராமல் அழித்த சி பகுதி. இணையத்தில் கிடைத்த மாற்றிகள் எவற்றுக்கும் அக்குறியேற்றம் பிடிபடவில்லை.

கைகொடுத்தது அச்சிட்ட ஆய்வேடு. அதிலிருந்த பாடல்களைக் கோப்பின் குழப்பத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று பட்டியலிட்டேன். குறிக்குக் குறி மாற்றினால் மட்டும் போதவில்லை. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிப்பவை: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியிலோ ககரம் முதலில், ஒகரக்குறி அதன்பின். இதைச் சரிசெய்யச் சிறு நிரல் ஒன்றை மகள் எழுதினாள். ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலை நான் தட்டிவைத்த இடங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றைக் கையால் திருத்தினேன். பன்னிரண்டு நாள்கள் ஆயின. சுவடியைப் பதிப்பிப்பவர்களின் பாட்டைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்தையே நான் பாடபேதம் பார்த்தது அப்போதுதான்.

இருபத்திரண்டும் மீண்டன. விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஒன்றைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "இதை ஆத்தா எப்படிப்பா பாடுவாங்க?"

அதற்கு என்னிடம் விடையில்லை. பாடல்களை ஒலிநாடாவில்தான் பதிந்தேன். எழுத்தில் பெயர்த்ததும் அதே நாடாவில் அடுத்த ஊரின் பாடலைப் பதிந்துகொண்டேன். வெற்று நாடா வாங்கக் காசில்லை என்பது உண்மை. எழுத்தில் வந்துவிட்டதே, இனி ஒலி எதற்கு என்று எண்ணியதும் உண்மை. முன்பு அங்கே யார் குரல் இருந்தது என்று நானும் கேட்கவில்லை. உபுண்டுவின் வாசலை மூன்று கட்டளைகளில் மீட்கலாம்; எழுத்தின் வாசலைப் பன்னிரண்டு நாள்களில் மீட்கலாம். இதற்குக் கட்டளை இல்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. என் பழைய கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது. ஆகவே அதை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருக்கிறேன். அன்றாட வேலையெல்லாம் உபுண்டுவில்தான். பாடல்களை ஒருங்குறியில் மூன்று இடங்களில் சேமித்தாயிற்று.

அந்த 22-இல் இரண்டுக்கு மட்டும் மெட்டு எனக்கு நினைவிருக்கிறது. என் கட்டைக் குரலிலேயே பாடிக் கைப்பேசியில் பதிந்திருக்கிறேன். அம்மாவோடு நடவுக்குப் போனவர்களில் இருவர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. மற்றவர் இப்போதும் பாடுவார் என்கிறார்கள். பொங்கல் விடுமுறைவரை காத்திருக்க மனமில்லை. வரும் சனிக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறேன்.