நாலு மணி நமநமப்பு

'பசிக்குது' என்பது வயிறு போடுகிற மனு. 'வாய் நமநமங்குது' என்பது நாக்கு போடுகிற மனு. இரண்டும் வேறு வேறு டிபார்ட்மென்ட். டயட்டீஷியன் என்று ஒரு உத்தியோகம் பிறப்பதற்கு முன்பே நம்மவர்கள் இதைக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் தனித்தனி வார்த்தையும் வைத்துவிட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சின்ன டெஸ்ட் செய்து பாருங்கள். 'ஒரு கிண்ணம் தயிர் சாதம் தரட்டுமா?' என்று உங்களையே கேளுங்கள். 'கொண்டா' என்று உள்ளேயிருந்து பதில் வந்தால் அது பசி. 'சேச்சே, தயிர் சாதமா... மொறுமொறுன்னு ஏதாவது இருக்கா?' என்று வந்தால் நமநமப்பு. என் விஷயத்தில் தயிர் சாதம் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கிறவன். ஆபீஸ் போகிறவர்களுக்காவது நாலு மணிக்கு மானேஜர் பயம் என்று ஒன்று உண்டு. எனக்கும் மிக்ஸர் டப்பாவுக்கும் நடுவே இருந்தது பதினோரு தப்படி. ஒரு பாரா எழுதினால் ஒரு கை மிக்ஸர். பாரா வரவில்லை என்றால், அது வருவதற்காக இரண்டு கை. பி.காம். படித்தவன் என்பதால் எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கமும் உண்டு. நாளைக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்குப் பதினெட்டேகால் கிலோ! ஒரு நிச்சயதார்த்தத்துக்குத் தாராளமாகக் காணும்.

இப்படியே காலம் தள்ளியிருப்பேன். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் எச்.பி.ஏ.1.சி. என்கிற ஐட்டம் 5.9 என்று வந்தது. இது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. கம்பெனிகளின் காலாண்டு ரிசல்ட் மாதிரி. முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து ஆடிட்டரை ஏமாற்றுகிற வேலை இங்கே செல்லாது. 5.7-லிருந்து 6.4 வரை வாசல்படி. 6.5 என்றால் வீட்டுக்குள்ளேயே வந்தாயிற்று.

''அப்பாவுக்கு இருக்கா?'' என்றார் டாக்டர்.

''இருபத்திரண்டு வருஷமா, டாக்டர். மாத்திரை போய் இப்ப ஊசி.''

''அப்ப உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கு. சம்மன் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க.''

ஐ.சி.எம்.ஆரும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து எடுத்து 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிப் பேர். என் மாதிரி வாசல்படியில் நிற்கிறவர்கள் 13 கோடிக்கு மேல். கூட்டத்தோடு நிற்கிறோம் என்பதில் எனக்கு ஆறுதல் எதுவும் பிறக்கவில்லை. அப்பா தினமும் காலையில் சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே!

'ஏதாவது பண்ணுங்க' என்று சொன்னதும் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். 'நாலு மணிக்கு ஒரு சொம்பு தண்ணி குடி' என்றார் ஒருவர். குடித்தேன். தண்ணீரிடம் ஒரே ஒரு குறை, அதற்கு மொறுமொறுப்பு கிடையாது. 'மன உறுதி வேணும் சார்' என்றார் இன்னொருவர். மன உறுதியைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான்: காலையில் பல் தேய்க்கும்போது அது எல்லோரிடமும் ஏராளமாக இருக்கிறது. நாலு மணிக்குத்தான் லீவு போட்டுவிடுகிறது.

அது நாக்கின் குற்றம் மட்டும் இல்லை என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர், இருபது பேரை அங்கேயே தங்க வைத்து ஒரு சோதனை நடத்தினார். இரண்டு வாரம் ஃபாக்டரியில் தயாரான பாக்கெட் வகைச் சாப்பாடு, இரண்டு வாரம் சமையற்கட்டில் ஆக்கிய சாதாரணச் சாப்பாடு. எதிரில் வைத்த தட்டில் இரண்டு தடவையும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் சமம். 'வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். பாக்கெட் வாரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகம் உள்ளே போனது. கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறியது. சமையற்கட்டு வாரங்களில் அதே அளவு இறங்கியது. 2019-ல் இது வெளியானது. அதில் எனக்குப் பிடித்த தகவல், பாக்கெட் சாப்பாட்டை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள் என்பது. மெல்ல வேண்டிய வேலையை ஃபாக்டரியே பாதி முடித்து அனுப்பிவிடுகிறது. 'போதும்' என்று வயிறு கையெழுத்துப் போடுவதற்குள் பாக்கெட் காலி.

பாக்கெட் என்றதும் ஒரு விஷயம். பாலன்ஸ் ஷீட் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாக்கெட்டின் முன்பக்கம் சேர்மன் உரை. 'பேக் செய்தது', 'பல தானியம்', 'பாட்டி பக்குவம்' என்று எதுவும் எழுதுவார்கள். பின்பக்கம்தான் ஆடிட்டர் ரிப்போர்ட். சேர்மானங்களை எடைப்படி பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாகப் போடுவது சட்டம். 'பல தானியம்' என்று முன்னால் கூவிவிட்டு, பின்னால் முதல் ஐட்டமாக மைதா உட்கார்ந்திருந்தால் மரியாதையாகக் கீழே வைத்துவிடலாம். பக்கத்திலேயே 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும். உருளைக்கிழங்கு சிப்ஸ் என்றால் 540 கலோரியை ஒட்டி வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு எடை, எண்ணெய். சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடையில் நிறுத்துப் பையில் போட்டுத் தரும் மிக்ஸருக்குத்தான் முதுகே கிடையாது. நம்பிக்கையின் பேரில் சாப்பிட வேண்டியது.

இன்னொரு வேடிக்கை. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து வரகு மிக்ஸர், திணை முறுக்கு, ராகி சிப்ஸ் என்று கடைகளில் ஒரே ஆரோக்கியம்! வரகாக இருந்தாலும் எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கிவிட்டால் எண்ணெய் குடிக்கத்தான் செய்யும். கடலை மிட்டாயில் வெல்லம் போட்டிருக்கிறது, சீனி இல்லை என்பதும் இதே கேஸ்தான். கணையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நான் செய்தது இரண்டு காரியம். முதலாவது, வீட்டில் ஸ்டாக் வைப்பதை நிறுத்தினேன். ரொக்கக் கொள்முதல் மட்டும். நமநமத்தால் தடையில்லை, சட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்து போய், சின்ன பாக்கெட் ஒன்று வாங்கி, அங்கேயே நின்று தின்றுவிட்டு வரலாம். பத்தில் ஏழு நாள் சட்டை மாட்டுகிற சோம்பலிலேயே நமநமப்பு அடங்கிவிட்டது. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு மருத்துவ குணம் இருக்கிறது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இரண்டாவது, சுண்டல். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் வகை வகையாகச் சுண்டல் செய்கிற ஊர் இது. மீதி 356 நாள் சுண்டலுக்கு என்ன ஆகிறது என்று தெரியவில்லை. செய்யத் தெரியாமல் இல்லை. கறுப்புக் கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊற வைத்து, குக்கரில் அஞ்சாறு விசில் விட்டு, கடுகு, பெருங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் ஒரு பிடி. மாங்காய் சீசனில் பொடிப்பொடியாக மாங்காய். இதைச் சாப்பிட்டவனுக்கு ராத்திரி எட்டு மணி வரை யார் நினைவும் வராது.

சிக்கல் எங்கே என்றால், சிப்ஸ் நாலு மணிக்கு எடுக்கிற முடிவு. சுண்டல் முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு எடுக்க வேண்டிய முடிவு. ராத்திரி ஒன்பதுக்கு வயிறு நிறைந்த மனிதனுக்கு மறுநாள் நாலு மணியைப் பற்றி என்ன கவலை? ஊறப் போட மறந்துவிட்டால் அவ்வளவுதான், மறுநாள் கடலை கல்லாகக் கிடக்கும், நான் சட்டை மாட்டிக்கொண்டிருப்பேன். (பாசிப்பயறு கொஞ்சம் கருணையுள்ளது. ஒரு மணி நேரம் ஊறினாலும் வெந்துவிடும்.)

ஒரு பழக்கம் தானாக ஓட எத்தனை நாள் ஆகும் என்று யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரை வைத்துப் பார்த்து 2009-ல் சொன்னார். சராசரி 66 நாள். சிலருக்குப் பதினெட்டு, சிலருக்கு 254 வரை போகும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. உறவினர் கல்யாணங்களை உத்தேசித்து இந்த வரியை நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் என் ஒருவனோடு முடிகிற காரியமாக இருந்திருந்தால் சுலபம். வீட்டில் அப்பா இருக்கிறார். ஏழு வயதில் மகள் இருக்கிறாள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா ஒரு ஃபாக்டரியில் அக்கவுன்ட்ஸ் கிளார்க். ஒன்றாம் தேதி சம்பளம். அன்றைக்கு சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு பொட்டலம் தொங்கும். கால் கிலோ மிக்ஸர், நியூஸ்பேப்பரில் மடித்து, வெள்ளை நூல் சுற்றியது. நூலை அம்மா அறுக்கவிட மாட்டாள். பொறுமையாகப் பிரித்துக் கண்டில் சுற்றி வைப்பாள். முந்திரிக்காக எனக்கும் தங்கைக்கும் அடிதடி. எல்லோருக்கும் பங்கு போட்ட பிறகு, பேப்பரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூளைத் தட்டி அப்பா வாயில் போட்டுக்கொள்வார். 'எனக்கு இதுதான்டா பிடிக்கும்' என்பார். நாங்களும் நம்பினோம்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடு இருக்கிறார். தினம் சாயங்காலம் திருச்சி வெயில் தணிந்ததும் ஒரு நடை போவார். வரும்போது பேத்திக்கு, பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குமே, அதில் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வருவார். அவள் வாசலில் நின்று தாத்தாவின் முகத்தைப் பார்க்க மாட்டாள். கையைத்தான் பார்ப்பாள்.

ஒருநாள் சொல்லிவிட்டேன். ''அப்பா, பாப்பாவுக்கு தினம் சிப்ஸ் வேண்டாமே.''

''ஒரு பாக்கெட்ல என்னடா ஆயிடும்? உனக்கு நான் வாங்கித் தரலையா? நீ என்ன கெட்டா போயிட்ட?''

என் ரிப்போர்ட் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. காலையில் டாக்டரிடம் காட்டிவிட்டு அவரிடம் கொடுத்திருந்தேன். அதைப் பற்றி நான் பேசவில்லை. கணக்குப் பேசினேன்.

''கால் கிலோ வாங்குவீங்க. நாம நாலு பேர். தலைக்கு 62 கிராம். அதுவும் மாசத்துக்கு. இப்ப நான் ஒருத்தனே ஒரு நாளைக்கு அம்பது கிராம் தின்னுட்டிருந்தேன்.''

அக்கவுன்ட்ஸ் கிளார்க் அல்லவா... உதடு அசைய வகுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது சாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

''அது என் கையைப் பாக்கும்டா. வெறுங்கையோட எப்படி உள்ள வர்றது?''

இதற்கு எந்த டயட் சார்ட்டிலும் பதில் கிடையாது. அப்பாவும் நானும்தான் தேடினோம். கொய்யா கொண்டுவந்தார், 'கொட்டை' என்றாள். பனங்கிழங்கு கொண்டுவந்தார், 'கயிறு மாதிரி இருக்கு தாத்தா' என்றாள். நுங்கு முதல் தடவையே பாஸ். நாவல்பழமும் பாஸ், நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்க்கலாம் என்பதால். ஆனால் இவையெல்லாம் சீசன் சரக்கு. வருஷம் முழுக்கக் கை கொடுத்தது தோலோடு அவித்த வேர்க்கடலை. கடலையிலும் கொழுப்பு உண்டுதான். ஆனால் ஒவ்வொன்றாக நசுக்கி, உரித்து, எண்ணிச் சாப்பிட வேண்டும். தாத்தாவும் பேத்தியும் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஓடுகிறது. நியூஸ்பேப்பரில் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டதால், அப்பா எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு நடை போகிறார். வண்டிக்காரம்மா ஆழாக்கில் அளந்து போடுகிறாள்.

ராத்திரி ஒன்பது மணி டிபார்ட்மென்ட்டையும் அவரே எடுத்துக்கொண்டார். ஊசி போட்டு, சாப்பிட்டு, கதவு தாழ்ப்பாள் பார்த்துவிட்டு, கடைசியாகச் சமையற்கட்டிலிருந்து குரல் வரும்: ''கடலை ஊறப் போட்டாச்சு!'' அந்த நாளின் கணக்கை முடிப்பதுபோல. நான் 66 நாள் எண்ணவே இல்லை.

போன மாதம் என் காலாண்டு ரிசல்ட் 5.7. ''இன்னும் படியிலதான் நிக்கறீங்க. இறங்குங்க'' என்றார் டாக்டர்.

நேற்று தூக்கைத் திறந்த மகள், ''இன்னிக்கும் கடலையா?'' என்று முகத்தைச் சுளித்தாள். அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். மணப்பாறை முறுக்கு. ஒன்றே ஒன்று.

''என்னப்பா இது?'' என்றேன்.

''தேதி என்ன?'' என்றார்.

ஒன்றாம் தேதி. மூன்றாக உடைத்து மகளுக்கும் மனைவிக்கும் எனக்கும் கொடுத்தார். காகிதத்தில் ஒட்டியிருந்த தூளைத் தட்டி வாயில் போட்டுக்கொண்டு, ''எனக்கு இதுதான் பிடிக்கும்'' என்றார் பேத்தியிடம்.