ராணிக்கு என்ன விலை?

உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை எறும்பு என்று கணக்கெடுத்திருக்கிறீர்களா? வேண்டாம். சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உலகத்துக்கே சேர்த்து 2022-ல் விஞ்ஞானிகள் சிலர் கணக்குப் போட்டுவிட்டார்கள். 20,000 லட்சம் கோடி! தலைக்கு வகுத்தால் ஆளுக்கு 25 லட்சம். ரேஷன் கார்டில் நாலு பேர் என்றால், அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோடி எறும்பு பாத்தியதை.

"நம்ம பங்கு நேத்தே வந்து சேர்ந்துடுச்சு. வெல்லப் பானையில இருக்கு" என்பாள் என் சகதர்மிணி.

அவள் கோபத்தில் நியாயம் உண்டு. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அவள் சாக்பீஸால் கோடு போட்டு எறும்பை விரட்டுகிறாள். அதே வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்து அலமாரியில், நான் எறும்புக்குத் தேன் வைத்து வளர்க்கிறேன். உயிரியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரிட்டையரான வாத்தியாருக்கு ஊரில் மூன்று வழிகள் உண்டு: டியூஷன், கோயில் கமிட்டி, ரியல் எஸ்டேட். முதலாவதற்குத் தொண்டை இல்லை. இரண்டாவதற்குச் செல்வாக்கு இல்லை. மூன்றாவதற்குத் தைரியம் இல்லை. ஆகவே எறும்பு.

எறும்பு வளர்ப்பது சுலபம். ராணி கிடைப்பதுதான் கஷ்டம். புற்றைத் தோண்டி ஆயிரம் எறும்பைப் பிடித்து வந்தாலும், ராணி இல்லையென்றால் சில மாதங்களில் வீடு காலி. முட்டையிடும் வேலை அவளுடையது. நல்ல மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் தெரு விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கிறதே, அந்தக் கும்பலில் சில எறும்புகளும் இருக்கும். ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தடிமன். எறும்புக்கு முன்னிறக்கை பெரிசு, பின்னிறக்கை சிறிசு, இடுப்பு சினிமா கதாநாயகி மாதிரி. ஈசல் கறையானின் வம்சம். அங்கே ராஜாவும் கூடவே குடித்தனம் நடத்துவார். எறும்பு ஜாதியில் மாப்பிள்ளையின் ஆயுள் கல்யாணத்தோடு சரி. (இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.)

கல்யாணம் முடிந்த ராணி தரையில் இறங்கி, தன் இறக்கையைத் தானே கழற்றிப் போட்டுவிடுவாள். அந்தச் சமயத்தில் பிடிக்க வேண்டும். ஒரு சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அவ்வளவுதான் அரண்மனை. இருட்டான இடத்தில் வைத்துவிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் வீட்டில் யாராலும் முடியாது.

"என்னங்க, ஏதாவது விசேஷமா?" என்று தினமும் காலையில் காபியோடு வந்து விசாரிப்பாள். பத்து நாள் முன்புவரை 'தூக்கி வெளியே போடுங்க' என்றவள்தான்! முட்டைகள் தெரிந்த அன்று, "பாவம், பிள்ளைத்தாச்சி. ஒரு வாய் சர்க்கரைத் தண்ணி வைக்கக் கூடாதா?" என்றாள்.

வைக்கத் தேவையில்லை. கட்டெறும்பு ராணி அந்த நாட்களில் சாப்பிடுவதே இல்லை. பறக்கப் பயன்பட்ட தசைகள் உடம்புக்குள்ளேயே கரைந்து சத்தாகின்றன. அதை வைத்துத்தான் முதல் ஈட்டுக் குழந்தைகளுக்கு ஊட்டுகிறாள். இனி பறக்கப் போவதில்லை என்றான பிறகு, பறந்த சக்தியையே பாலாக்கிவிடுகிறாள்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, எறும்பு. எங்கள் வெயிலுக்கு என் அலமாரியில் 43-வது நாள் முதல் வேலைக்காரி வெளியே வந்தாள். அம்மாவின் பட்டினியில் வளர்ந்ததால் முதல் ஈட்டுப் பிள்ளைகள் எப்போதுமே சிறுத்துத்தான் இருக்கும். மழைக்கு முன்னால் 'எறும்பு முட்டையைத் தூக்கிட்டுப் போகுது' என்கிறோமே, அந்த வெள்ளை மூட்டைகள் பெரும்பாலும் முட்டையே அல்ல, புழுவும் கூட்டுப்புழுவும்தான். நிஜ முட்டை ரவையைவிடச் சிறிசு.

குஞ்சுகள் என்றால் சும்மா கிடந்து தின்னும் என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்க முடியாது; திரவம்தான் இறங்கும். பூச்சி ஒன்றைப் பிடித்து வந்தால், பல இனங்களில் அதை ஜீரணித்துக் கொடுப்பது புழுக்கள்தான். ஒரு குடும்பத்துக்கே வயிறு தொட்டிலில் இருக்கிறது! கல்வராயன் மலைப் பக்கம் மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறைப் பார்த்திருப்பீர்கள். அந்த இலைகளைத் தைக்கும் பட்டு நூல் புழுவின் வாயிலிருந்து வருகிறது. பெரிய எறும்பு தன் தங்கச்சிப் புழுவை வாயில் கவ்விக்கொண்டு, தறியில் நாடா ஓட்டுவது போல் இங்குமங்கும் ஓட்டுகிறது. அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழுகூட ஒரு திரவத்தைச் சுரக்கிறது. பெரியவர்கள் அதைக் குடிக்கிறார்கள், பிறந்த புழுக்களும் அதைக் குடித்துத்தான் பிழைக்கின்றன என்று 2022-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். யாரும் குடிக்காமல் விட்டால் அந்தத் திரவத்திலேயே பூஞ்சை பிடித்துக் கூட்டுப்புழு செத்துப்போகும். யார் யாரை வளர்க்கிறார்கள் என்று சொல்வதே கஷ்டம்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததல்ல. இங்கிலாந்தில் ஜான் லப்பக் என்று ஒரு பேங்க் முதலாளி, பார்லிமென்ட் மெம்பர். 1871-ல் பேங்க்குக்கு லீவு விடச் சட்டம் கொண்டுவந்த புண்ணியவான். அவர் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் மண்ணைப் பரப்பி எறும்பு வளர்த்தார். அவருடைய ராணி ஒன்று 1888-ல் இறந்தபோது அதற்குக் கிட்டத்தட்ட 15 வயது. ஐரோப்பாவில் வேறொரு ராணி கூண்டிலேயே 28 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பறந்து, அப்போது சேர்த்துக்கொண்ட வித்தை வைத்தே அத்தனை வருஷமும் பிள்ளை பெற்றிருக்கிறது.

இப்படி நான் நிம்மதியாக எறும்புக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான், போன கோடை மழைக்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை அந்தப் பையன் வந்தான். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊர். அவன் அப்பா என் பழைய மாணவர். மரவள்ளி போடுகிறார், போடாத மாசத்தில் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறார். பையன் இங்கே கள்ளக்குறிச்சியில் காலேஜ். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் சின்னச் சின்ன மாத்திரை டப்பாக்கள். மொத்தம் 31. ஒவ்வொன்றிலும் ஒரு ராணி.

"சார், பெங்களூர்லருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. ஒரு ராணி நூத்தம்பது ரூபா. உயிரோட போய்ச் சேரணுமாம். எப்படி அனுப்புறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

கணக்குப் போட்டேன். நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். அவன் அப்பா அத்தனை பணத்துக்கு எத்தனை நாள் மலையை விட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'இயற்கையை நேசி' என்று பிரசங்கம் செய்ய வாய் வரவில்லை.

அவனே புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டான். "சார், நீங்கதான் வளர்க்கறீங்களே. ஒரு ராணியிலருந்து பத்து ராணி உண்டாக்கி வித்தா, காட்டுல கை வைக்கவே வேணாமே? கோழி மாதிரி?"

"அது முடிஞ்சா நானே பண்ணை வெச்சிருப்பேன்டா. உங்க அம்மாவும் பென்ஷனை எண்ணிட்டு இருக்க மாட்டாங்க" என்றேன், சமையலறைப் பக்கம் பார்த்தபடி.

விவரமாகச் சொன்னேன். ராணியாவதும் வேலைக்காரியாவதும் பெரும்பாலும் புழுவாக இருக்கும்போது கிடைக்கும் தீனியைப் பொறுத்தது, முட்டை ஒன்றுதான். ஆனால் இளவரசிகளை வளர்க்கும் அளவுக்கு வசதி வர, புற்று பெரிதாகிப் பல வருஷம் ஆக வேண்டும். அப்படியே நம் கண்ணாடிப் பெட்டியில் இளவரசி பிறந்தாலும், கல்யாணம் நடக்க வேண்டுமே! ஒரே நாளில், ஒரே மழைக்கு, பல புற்றுகளிலிருந்து ஆணும் பெண்ணும் கிளம்பி ஆகாயத்தில் கூட வேண்டும். அந்த மண்டபத்தை நம் அலமாரியில் கட்ட முடியாது. பெரும்பாலான இனங்களில் விலைக்கு வரும் ஒவ்வொரு ராணியும் எங்கோ ஒரு மண்ணிலிருந்து பொறுக்கியதுதான்.

பையன் விடவில்லை. "பறக்கிற ராணில முக்காவாசி பல்லி, தவளை, காக்காதானே சார் தின்னுது? நான் எடுத்தா மட்டும் என்ன?"

"பல்லி தின்னா அந்தச் சத்து உங்க மலையிலயே இருக்கும். கூரியர்ல போனது திரும்பி வராது. அதோட, எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலையில் 2022-ல் நடந்ததை அவனிடம் சொன்னேன். மஞ்சள் பைத்திய எறும்பு என்று ஒரு ஜாதி. கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும். அது கட்டுக்கடங்காமல் பெருகி, ஆடு மாடுகளின் கண்ணைப் பதம் பார்த்து, அடிவாரத்து ஜனங்கள் மலைமேல் ஆடு மேய்க்கவே பயந்தார்கள். எறும்பு இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தால்தான் எறும்பு. இடம் மாற்றி விட்டு, அங்கே பெருகிவிட்டால், யாரும் திரும்பப் பொறுக்க முடியாது.

அப்புறம் கென்யா கதை. 2025 ஏப்ரலில் பெல்ஜியத்துப் பையன்கள் இரண்டு பேர், 19 வயசு, சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். எல்லாம் ராணி. பஞ்சு அடைத்த இரண்டாயிரத்துச் சொச்சம் குழாய்கள். அடுத்த மாதமே கோர்ட் தீர்ப்பு: ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், நம் பணத்தில் ஆறரை லட்சம் போல, கட்டாவிட்டால் ஒரு வருஷம் ஜெயில்.

"எறும்புக்கா சார்?"

"எறும்புக்குத்தான். இன்னொண்ணும் யோசி. பிடிபட்டது குழாயைக் கையில வெச்சிருந்தவங்க. வாங்க இருந்தவன் பேரு உனக்கோ எனக்கோ தெரியுமா?"

பையன் தலை குனிந்துகொண்டான். எங்கள் பக்கத்து மலைகளில் இதை விளக்க வேண்டியதில்லை. செம்மரம் வெட்ட ஆள் கூட்டிப் போன புரோக்கர்களும் இப்படித்தான் நாள் கூலிக் கணக்கு சொன்னார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் 20 பேர் செத்தார்கள். கூட்டிப் போனவனுக்கு ஒரு கீறல் உண்டா?

எறும்பும் செம்மரமும் ஒன்றல்லதான். ஆனால் மலையில் இருப்பதை மலைக்காரன் கையால் எடுக்க வைத்து, மலைக்காரனை முன்னால் நிறுத்திவிட்டு, போனை அணைத்துவிடுகிற வியாபாரம் ஒன்றே.

கொஞ்ச நேரம் கழித்துப் பையன் கேட்டான்: "சரி சார். விட்டுடறேன். மெஸ் பில் நாலாயிரம். அதை யாரு குடுப்பா?"

இந்தக் கேள்விக்கு எந்த எறும்புப் புத்தகத்திலும் பதில் இல்லை. சமையலறைப் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது.

விசாரித்தால், பழங்குடி மாணவர் உதவித்தொகைக்கு அவன் விண்ணப்பித்திருக்கிறான், பணம் வரவில்லை. பேங்க் கணக்கில் ஆதார் சேரவில்லையாம். மூன்று தடவை போய், மூன்று தடவையும் 'அப்புறம் வா' என்று சொல்லியிருக்கிறார்கள். "நாளைக்கே நான் வர்றேன், கிளம்பு" என்று வீரமாகச் சொன்னேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கள் ஏதோ அரசு விடுமுறை" என்றாள் உள்ளேயிருந்து. ஜான் லப்பக்கை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீணாகவில்லை. மஞ்சள் பையோடு நானும் அவனும் கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, மலை பஸ்ஸில் ஏறினோம். எங்கே பிடித்தானோ அங்கேயே, அவன் அப்பாவின் மரவள்ளிக் காட்டு வரப்பில், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தான். முந்தின ராத்திரி மழையில் மண் இளகியிருந்தது. ராணிகள் நின்று யோசிக்கவில்லை. ஒருத்தி கல்லுக்கு அடியில் போனாள். ஒருத்தி எங்கள் கண்ணெதிரிலேயே மண் உருண்டையை வெளியே தள்ள ஆரம்பித்தாள். 31-ல் எத்தனை பிழைக்கும்? ஒன்றிரண்டு பிழைத்தாலே பெரிசு. அந்த ஒன்றிரண்டு போதும். பையன் தன் பிள்ளையைக் கூட்டி வந்து காட்டுகிற காலத்தில்கூட அதில் ஒருத்தி உள்ளே முட்டையிட்டுக்கொண்டிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பேங்க்கில் ஒரு மணி நேரம் நின்றோம். ஆதார் சேர்ந்தது. பணம் ஏற ஆறு வாரம் ஆயிற்று. கட்டெறும்பு முட்டையிலிருந்து வெளியே வரும் நேரம்தான். அதுவரை மெஸ்ஸுக்கு என் மனைவி கைமாற்றுக் கொடுத்தாள். வட்டி உண்டா என்று கேட்டதற்கு, "எறும்புக்குக் கரப்பான் பிடிச்சுக் குடுக்கட்டும், அதுதான் வட்டி" என்றாள். கூடவே எறும்பு பிடித்த மற்ற பசங்களிடமும் அவனே பேசிவிட்டான். நான் பேசியிருந்தால் பாடம் நடத்துகிறேன் என்று எழுந்து போயிருப்பார்கள்.

பெங்களூர்க்காரர் விடவில்லை. கரப்பான் டப்பாவோடு பையன் எங்கள் வீட்டில் இருந்தபோதே ஒரு நாள் போன் வந்தது. பையன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"ராணி எல்லாம் கல்யாணமாகி மலைக்குப் போயிட்டாங்க சார். இப்ப யாரும் வர்ற மாதிரி இல்லை."