அண்ணாச்சி வீட்டு டவர்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். செல்போன் டவரால் குருவி போச்சு, தேனீ திசை தவறிடுச்சு, நாய்க்குப் பித்துப் பிடிச்சிருச்சு என்று டீக்கடையிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை பேசித் திரிந்தவன் நான்தான். பேசியதில் முக்கால்வாசி அரைகுறை. தெரிந்தே பேசினேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டவருக்கு இடம் தேடி வந்த கம்பெனி ஆட்கள் முதலில் ஏறியது எங்கள் மொட்டை மாடியில்தான். தட்டிப் பார்த்தார்கள், தூணைப் பார்த்தார்கள், "கட்டடம் பழசு சார், தாங்காது" என்று இறங்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாடியில் கம்பி ஏறியது. அவருக்கு மாதாமாதம் வாடகை. எங்கள் மாடி தாங்கியிருந்தால் கதிர்வீச்சு என்ற பேச்சே என் வாயில் வந்திருக்காது.

வயிற்றெரிச்சல் என்று வெளியில் சொல்ல முடியுமா? அறிவியலைத் துணைக்கு அழைத்தேன். 2018-ல் வந்த '2.0' படத்தில், பறவைகளுக்காக டவரிலேயே தூக்கு மாட்டிக்கொள்ளும் பெரியவரைத் தெருவில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். எனக்கு வேலை மிச்சம்.

நான் அதிகம் சொன்னது ராபின் பறவைக் கதை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வு, 2014-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வலசைக் காலத்தில் கூண்டில் அடைத்தாலும் ராபின் தான் போக வேண்டிய திசைப் பக்கமாகவே தத்தும். பூமியின் காந்தப்புலம் அதற்கு வழி சொல்கிறது. ஆனால் பல்கலைக்கழக வளாகத்து மரக் குடில்களில் அது கண்டபடி தத்தியது. குடிலுக்குள் அலுமினியத் தகடு அடித்து எர்த் கொடுத்தார்கள், திசை தெளிந்தது. எர்த்தைக் கழற்றினால் மறுபடி குழப்பம். மனிதன் கிளப்பும் மின்காந்த இரைச்சல் ஒரு பிராணியின் நடத்தையைக் கெடுக்கும் என்பதற்கு இவ்வளவு சுத்தமான சான்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனால் பறவையைக் குழப்பியது 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள், அதாவது மீடியம் வேவ் ரேடியோ ஓடுகிற பக்கம். செல்போன் டவரின் அலைகள் பல நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. இந்தப் பாதியை யாரிடமும் நான் சொன்னதில்லை.

தேனீக் கதையும் அப்படித்தான். அதே ஜெர்மனியின் லாண்டாவில் நடந்த சிறிய ஆய்வு அது. தேன்பெட்டிக்குள்ளேயே கார்ட்லெஸ் போனின் பேஸை வைத்துப் பார்த்தார்கள். என் வாயில் அது டவராகிவிட்டது. அமெரிக்காவில் 2018-ல் வெளியான எலி ஆய்வில் நாளுக்கு 9 மணி நேரம், உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு. ஆண் எலிகள் சிலவற்றுக்கு இதயத்தில் கட்டி வந்ததை எல்லோரிடமும் சொன்னேன். கதிர்வீச்சு படாத ஆண் எலிகளைவிட அவை அதிக நாள் வாழ்ந்தன என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. குருவியைப் பற்றிப் பேச எனக்கு வாயே கிடையாது. அவை கூடு வைத்திருந்த ஓட்டுச் சாய்ப்பை இடித்துத் தகரம் போட்டது நான். 2012 செப்டம்பரில் இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள் என்பதும் தெரியும். மனுவில் எழுதவில்லை.

மனுவில் எழுதியது ராஜாவைப் பற்றி. எங்கள் நாய். டவர் வந்த பிறகு அவன் போக்கே மாறிவிட்டது. தலையை உதறுவான், படுத்தவன் சட்டென்று எழுந்து சுற்றுவான், தடவப் போனால் உறுமுவான். "வளர்ப்புப் பிராணியின் மனநிலை கடுமையாகப் பாதிக்கப்பட்டு" என்று நானே டைப் அடித்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன்.

"காதைப் போட்டு இந்தச் சொறி சொறியுதே, டாக்டர்ட்ட காட்டுங்களேன்" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். பார்ப்போம் பார்ப்போம் என்று தள்ளினேன். ராஜாவுக்குச் சரியாகிவிட்டால் என் சாட்சி போய்விடும். அப்போது இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் உள்ளே ஓடியது அதுதான். பொறாமையைக்கூட மன்னித்துக்கொள்வேன், இதை முடியவில்லை.

கடைசியில் அவளே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். டாக்டர் காது மடலைத் திருப்பினார். குப்பென்று நாற்றம். உள்ளே காப்பி மண்டி மாதிரி கறுத்த அழுக்கு, அதற்கும் உள்ளே உண்ணிகள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பிரிட்டில் போட்டார். ராஜா வாய்க்கட்டுக்குள் முனகினான். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள்.

சொட்டு மருந்து போடப் போட உதறல் நின்றது. இப்போது டவரை ஒட்டிய எங்கள் மாடிச் சுவரோரமாகத்தான் மத்தியானத் தூக்கம்.

போன வாரம் அண்ணாச்சி அந்தச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். மனு கொடுத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட முகம் கோணியவரில்லை.

"ராஜா தேறிட்டான் போலிருக்கே. டாக்டர் என்ன சொன்னாரு?"

"காதுல உண்ணி, அண்ணாச்சி."

"அப்ப டவரால இல்லியா?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க" என்றேன்.